அப்பாவின் மறதியும் ஃபிரேமிங்ஹாம் கணக்கும்

என் அப்பா 36 ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பின்கோடுகளை அவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பதைக் கேட்டுத்தான் நானும் என் தம்பியும் வளர்ந்தோம். 2023 ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவதற்காகப் பாபநாசத்தின் பின்கோடு என்னவென்று அவரிடம் கேட்டேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார், பிறகு "612..." என்று தொடங்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டார். 614205 என்ற அந்த எண்ணைத் தம் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் உறைகளில் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவுக்கு 2017-இல் இரைப்பையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னையில் அறுவை சிகிச்சை செய்து இரைப்பையை முழுவதுமாக அகற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகக் கீமோ கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கடந்து, "இனி ஆண்டுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்" என்று மருத்துவர் சொன்ன நாளை எங்கள் வீட்டில் தீபாவளியைப் போலக் கொண்டாடினோம். அப்படி மீண்டு வந்தவருக்கு இப்போது மறதியா என்று நான் கலங்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா மகன் தொலைபேசியில் ஒரு ஆறுதல் சொன்னார்: "நீ பயப்படாதம்மா. கேன்சர் வந்தவங்களுக்கு அல்சைமர்ங்கிற மறதி நோய் வராதாம், அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணியே சொல்லிட்டாங்க. சித்தப்பாவுக்கு இது வெறும் வயசு மறதிதான்."

அந்தச் சொல்லை நான் இறுகப் பற்றிக்கொண்டேன். அவர் சொன்ன ஆய்வைத் தேடிப் படித்தேன். அது உண்மையான ஆய்வுதான், நல்ல ஆய்வும்கூட. ஆனால் அதில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன். அதனால் ஏழு மாதங்கள் வீணாயின. அந்த ஆய்வு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இப்போதாவது முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன். புற்றுநோயிலிருந்து மீண்ட பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்து, அவர் பெயர்களை மறக்கத் தொடங்கியிருந்தால், இது உங்களுக்கும் தேவைப்படும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்றொரு ஊர் இருக்கிறது. 1948-இல் அவ்வூர்க்காரர்கள் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு இதயநோய் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவை மாரடைப்புக்கு வழிவகுக்கின்றன என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். அந்த மக்களையே பல பத்தாண்டுகளாக மீண்டும் மீண்டும் அழைத்துப் பரிசோதித்து வந்ததால், யாருக்குப் புற்றுநோய் வந்தது, யாருக்கு மறதி நோய் வந்தது என்ற விவரமும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தது. ஜேன் டிரைவர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பதிவுகளிலிருந்து, 65 வயதைக் கடந்தும் மறதி நோய் இல்லாதிருந்த 1,278 பேரை எடுத்து, சராசரியாகப் பத்து ஆண்டுகள் அவர்கள் நிலையைத் தொடர்ந்து பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் 221 பேருக்கு அல்சைமர் வந்திருந்தது. புற்றுநோய் வந்து பிழைத்தவர்களிடம் அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. திருப்பிப் பார்த்தாலும் அப்படியே இருந்தது: அல்சைமர் உள்ளவர்களுக்குப் புதிதாகப் புற்றுநோய் வருவது இன்னும் அதிக அளவில் குறைந்திருந்தது.

மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லும்போது அதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. புள்ளியியல் கணக்கின்படி, உண்மையான குறைவு 53 சதவீதமாகவும் இருக்கலாம், வெறும் 3 சதவீதமாகவும் இருக்கலாம். அந்த இடைவெளி முழுவதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். நான் அப்படிப் படிக்கவில்லை.

இந்த முடிவைக் கேட்டதும் எழ வேண்டிய முதல் ஐயம் ஒன்று இருக்கிறது. புற்றுநோய் கண்டவர்களில் பலர், மறதி நோய் வரக்கூடிய வயதை எட்டும் முன்பே இறந்துவிடுகிறார்கள். 70 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர் 80 வயதில் அல்சைமருக்கு ஆளாக வழியில்லை. அப்படியானால் புற்றுநோய் அல்சைமரைத் தடுப்பதுபோலத் தெரிவது, மரணம் முந்திக்கொள்வதால் வரும் வெறும் தோற்றமாக இருக்கலாம் அல்லவா? இரண்டாவது ஐயம் நம் வீடுகளிலேயே பார்க்கக்கூடியது. மறதி முற்றிய பாட்டிக்கு யாரும் மார்பகப் பரிசோதனையோ குடல் உள்நோக்கிப் பரிசோதனையோ செய்யச் சொல்வதில்லை. அவராலும் தமக்குள்ள வலியை எடுத்துச் சொல்ல முடிவதில்லை. ஆகவே அவருடைய புற்றுநோய் பதிவேட்டுக்கே வராமல் போய்விடும். அதுபோலவே, கீமோ எடுத்துக்கொள்பவர் எதையாவது மறந்தால், வீட்டாரும் மருத்துவரும் "மருந்தின் களைப்பு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அவருடைய மறதி நோய்க்குப் பெயர் வைக்கப்படாமலே போகும்.

ஃபிரேமிங்ஹாம் குழுவினர் முதல் ஐயத்துக்கு விடை தேடிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மரணம் முந்திக்கொள்வதுதான் காரணம் என்றால், முதுமையில் வரும் மற்ற நோய்களும் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களிடம் அதே அளவு குறைந்து காணப்பட வேண்டும். அதனால் அவர்கள் பக்கவாதத்தை எடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் குறையவில்லை, புகைப்பழக்கத்தோடு தொடர்புடைய புற்றுநோய் வந்தவர்களிடம் அது இரண்டு மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது. அதே பிரிவினரிடம்தான் அல்சைமர் மிகவும் குறைவாகவும் இருந்தது. மூளையின் இரத்தக் குழாய் அடைபடும் அளவுக்கு உயிரோடு இருந்தவர்களிடம் அல்சைமர் மட்டும் குறைந்திருப்பதற்கு, மரணம் ஒன்றையே காரணமாகக் காட்டுவது கடினம். இருந்தாலும் புகை சாராத புற்றுநோய்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அல்சைமரின் குறைவு சுமார் 18 சதவீதம்தான். அதைத் தற்செயல் என்று ஒதுக்கவும் இடமிருந்தது.

பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையைத்தான் காட்டின. வட இத்தாலியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டவர்கள், உயிரோடு இருந்தவர்களையும் இறந்தவர்களையும் தனித்தனியே கணக்கிட்டார்கள். நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். எப்படிப் பிரித்தாலும் அந்த எதிர்த்தொடர்பு, அதாவது ஒரு நோய் வந்தவர்களிடம் மற்றது குறைவாக இருப்பது, மறையவில்லை. 2020-இல் 22 ஆய்வுகளை, அதாவது 96 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்த எண் 11 சதவீதம். ஃபிரேமிங்ஹாமின் மூன்றில் ஒரு பங்கு, பெரிய கூட்டத்துக்குள் வந்ததும் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. எதிர்த்தொடர்பு இருக்கிறது, ஆனால் அது சிறியது என்பதுதான் என் புரிதல்.

இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆய்வு வேறொன்று. அமெரிக்காவில் நடுவயதைக் கடந்த 14,583 பேரின் நினைவாற்றலைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, 2019-இல் வெளியிட்டார்கள். புற்றுநோய் கண்டறியப்பட்ட சமயத்தில் அவர்களுடைய நினைவாற்றல் சற்றுச் சரிந்தது, அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால், பின்னாளில் புற்றுநோய் வரவிருந்தவர்களின் நினைவாற்றல், புற்றுநோய் வராதவர்களுடையதைவிட சுமார் 10 சதவீதம் மெதுவாகவே தேய்ந்திருந்தது. கட்டி கண்டுபிடிக்கப்படும் முன்னரே, கீமோவோ கதிர்வீச்சோ எதுவும் தொடங்கும் முன்னரே, அந்த வேறுபாடு இருந்திருக்கிறது. அப்படியானால் மூளையைக் காத்தது சிகிச்சை என்று சொல்ல முடியாது. உடலின் செல்களுக்குள் பிறவியிலிருந்தோ நெடுங்காலமாகவோ இருந்துவரும் ஏதோ ஒரு சாய்வு, ஒரு பக்கம் புற்றுநோய்க்கு இடம் கொடுத்து, மறுபக்கம் நரம்புச் செல்களுக்கு ஆயுளைக் கூட்டுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உயிரியல் அறிஞர்கள் சொல்லும் விளக்கமும் இதையொட்டியதே. புற்றுநோய்ச் செல் சாக மறுத்துப் பெருகிக்கொண்டே போகிறது. அல்சைமரில் நரம்புச் செல் சாகக்கூடாத நேரத்தில் சாகிறது. நம் உடலில் பி53 என்றொரு புரதம் இருக்கிறது. பழுதுபட்ட செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவதும், தேவைப்பட்டால் அதைத் தானே மடியச் செய்வதும் அதன் வேலை. புற்றுநோய்க் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டுப்போயிருக்கும். அல்சைமர் வந்த மூளைகளில் இதே புரதம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்கிறார்கள். 1996-இல் கண்டறியப்பட்ட பின்1 என்ற நொதி அதற்கு நேர்மாறானது: பல புற்றுநோய்களில் அது மிகுந்து காணப்படுகிறது, அல்சைமர் மூளையில் அது குன்றிக் கிடக்கிறது. ஒரே தராசின் இரண்டு தட்டுகளைப் போல இவற்றைப் பார்ப்பது அழகான எண்ணம்தான். ஆனால் மனித உடலில் இதுதான் உண்மையில் நடக்கிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. அழகாக இருப்பதாலேயே அதை நம்பிவிடும் ஆசை எனக்கு இருந்தது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி அந்த ஆய்வுகள் சொல்லாததற்கு வருகிறேன். இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை அல்சைமரைப் பற்றியவை. மறதி நோய் என்பது ஒரே நோய் அன்று. இரத்தக் குழாய்கள் அடைபட்டுச் சிறுகச் சிறுக மூளை பாதிக்கப்படுவதால் வருவதும் உண்டு. 3,020 முதியவர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், புற்றுநோய் வந்தவர்களுக்கு அந்த வகை மறதி குறைந்ததாகத் தெரியவில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத பெரியவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்ட நம் ஊரில் இது சின்ன விஷயம் அன்று. அதோடு, புற்றுநோய்க்குச் செய்யும் சிகிச்சையே நினைவாற்றலைத் தொடக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்கள் பலர், சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, வாய்க்கு வரவில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது மெல்ல மெல்லத் தெளிந்துவிடுகிறது. வயதில் மூத்தவர்களில், அல்சைமருக்கு இடம் கொடுக்கும் ஏபிஓஇ4 மரபணு வகையை உடையவர்கள் கீமோ எடுத்தால் நினைவாற்றல் கூடுதலாகச் சரிவதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கும் ஊசிகளைப் புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தருகிறார்கள். அவற்றுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு அபாயம் ஓரளவு கூடுவதாகச் சொன்னது. பிரிட்டனில் செய்த ஆய்வு அப்படி எதையும் காணவில்லை. மூளைக்கு நேரடியாகக் கதிர்வீச்சு கொடுக்கும்போது பாதிப்பு ஏற்படுவதில் மட்டும் ஐயமே இல்லை. அதனால்தான் இப்போது முழு மூளைக்கும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டியவர்களுக்கு, நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை முடிந்தவரை விலக்கிக் கொடுக்கும் முறையும், கூடவே மறதி நோய்க்குத் தரும் மெமண்டைன் மாத்திரையைக் கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தியது வேறொன்று. நான் படித்த எந்தத் தலைப்புச் செய்தியிலும் அது இருக்கவில்லை.

2024 பங்குனியில் அப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினார். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கேயோ கழன்று விழுந்ததை அவர் கால் உணரவே இல்லை. "காலெல்லாம் பஞ்சுல நடக்கிற மாதிரி இருக்கும்மா, ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவ்வளவு பெரிய நோயே போயிருச்சு, இதையெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்றார். மறுநாள் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அப்பாவைக் கடிகாரம் ஒன்றை வரைந்து முட்களைக் குறிக்கச் சொன்னார், மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 30-க்கு 21 மதிப்பெண் வந்தது. பிறகு அப்பாவின் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "இரைப்பையை எடுத்தவர்னா பி12 ஊசி போடணுமே, கடைசியா எப்போ போட்டீங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் அது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. முதல் மூன்று ஆண்டுகள் தவறாமல் போட்டோம். ஊரடங்கின்போது சென்னைக்குப் போக முடியாமல் ஊசி நின்றது. பிறகு அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும் தேதிகளை நாங்கள் மறக்கவில்லை, கட்டி திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் அவற்றை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. ஊசியை நினைவூட்ட எந்தப் பயமும் இல்லை.

பி12 என்ற உயிர்ச்சத்தை நாம் பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் உண்டாலும், அது உடலில் சேர வேண்டுமானால் இரைப்பையின் சுவர்ச் செல்கள் சுரக்கும் ஒரு துணைப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தோடு இணைந்துதான் அது சிறுகுடலின் கடைக்கோடியில் உறிஞ்சப்படுகிறது. இரைப்பையே இல்லாதவருக்குத் துணைப் புரதமும் இல்லை. கல்லீரலில் பழைய இருப்பு இருப்பதாலும், ஒரு நாளைக்குத் தேவைப்படுவது மிகச் சிறிய அளவே என்பதாலும், குறைபாடு வெளியே தெரிய இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் குடும்பம் அறுவைக் காலத்தின் அறிவுரைகளை மறந்துவிட்டிருக்கும். குறைபாடு வந்ததும் கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, நினைவு மங்குகிறது. சிலருக்கு இரத்தச்சோகை வெளியே தெரியாமலே இவையெல்லாம் வந்துவிடும் என்பதால், "ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற சமாதானமும் நம்மை ஏமாற்றிவிடும். இரைப்பைப் புற்றுநோய் தமிழ்நாட்டில் அரிதானது அன்று. சென்னை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. இந்த ஊசி வாழ்நாள் முழுவதும் வேண்டும் என்பதை அறியாத வீடுகள் நம்மைச் சுற்றி இருக்கத்தான் செய்யும்.

அப்பாவின் பி12 அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. தைராய்டு, சோடியம், கால்சியம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவை சரியாக இருந்தன. மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் அங்கே பரவியிருக்கவில்லை. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், பிறகு வாரம் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையுமாக ஊசி தொடங்கினார்கள். மனச்சோர்வு இருக்கிறதா, காது கேட்கிறதா என்றும் விசாரித்தார் மருத்துவர். சரியாகக் காதில் விழாததை மறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு என்றார்.

பெரியப்பா மகன் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். அவர் அதை மறுக்கவில்லை. "நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா அது சரிதான்மா. ஆனா என் எதிர்ல உட்கார்ந்திருக்கிறது ஒருத்தர்" என்றார். வீட்டுக்கு வந்து அந்த ஆய்வை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புற்றுநோயிலிருந்து பிழைத்து, அதன்பின் அல்சைமருக்கு ஆளானவர்களும் ஃபிரேமிங்ஹாமில் இருந்திருக்கிறார்கள். குறைவு என்றுதான் அந்தத் தாள் சொல்லியிருந்தது, இல்லை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அல்சைமரே வராது என்று வைத்துக்கொண்டாலும், அப்பாவின் மறதிக்கு வேறு காரணம் இருக்கலாமே என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஏழு மாதங்களும் நரம்புகளுக்குப் போன ஏழு மாதங்கள். காலம் கடந்து கொடுக்கும் பி12 எல்லாச் சேதத்தையும் சரிசெய்துவிடாது.

நான்கு மாதங்களுக்குப் பிறகு அதே சோதனையில் அப்பாவுக்கு 25 மதிப்பெண் வந்தது. நடை நேராகியிருக்கிறது, பாதத்தின் மரத்த உணர்வு விரல்களோடு நின்றிருக்கிறது. மீதி மறதி பி12 விட்டுச்சென்ற வடுவா, கீமோவின் எச்சமா, வயதா, அல்சைமரின் தொடக்கமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டே வருவோம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த விடையோடு இருக்கப் பழகிக்கொள்கிறேன்.

அஞ்சறைப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமைத் தாளின் ஓரத்தில் அம்மா சிவப்பு மையால் "ஊசி" என்று எழுதிவைத்திருக்கிறார். போன வாரம் அப்பா தாமாகவே பாபநாசத்தின் பின்கோடைச் சொன்னார், சரியாகச் சொன்னார். திருவையாற்றுக்குச் சொன்னதில் கடைசி எண் தவறாக இருந்தது. இரண்டையும் அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுவதற்காகத் தேதியோடு நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்.